தியான் ஹோக் கெங் கோயிலும் கூரையைத் தாங்கும் ஆளும்

போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. சிங்கப்பூரில் இருக்கிற பழைய சீனக் கோயில் ஒன்றின் உள்பக்கம். உத்தரத்துக்குக் கீழே, முழி பிதுங்க, தோளால் மரத்தைத் தாங்கிக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு சின்ன மர உருவம். "சீனர் கோயிலைத் தாங்கி நிற்கும் தமிழன்! பெருமையோடு பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. நானும் பகிர்ந்தேன். அதோடு விடாமல் மூக்கண்டப்பள்ளியில் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் ரெண்டு பேரிடம் போனை நீட்டிக் காட்டவும் செய்தேன். பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கிற ஒடிசாக்காரத் தம்பி ஒருவர், கட்டட வேலை செய்பவர், படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவர் பேர் என்னங்கண்ணா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பெயர் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் கூச்சமான விஷயம், அந்தக் கோயிலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருஷம் முன்னால் மெஷின் நிறுவுகிற வேலைக்காக ஆறு வாரம் அங்கே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் போன போக்கில் நடப்பேன். அப்படிப் போய் உள்ளே அரை மணி நேரம் சுற்றியும் இந்த உருவம் என் கண்ணில் படவே இல்லை. ஆக, பார்த்தவனும் சரியாகப் பார்க்கவில்லை, பகிர்ந்தவனும் யோசித்துப் பகிரவில்லை. அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் அன்றைக்கு நோட்டில் கிறுக்கி வைத்ததையும் சேர்த்து இந்தக் குறிப்பு.

கோயிலின் பெயர் தியான் ஹோக் கெங். வானருள் மாளிகை என்று தோராயமாகத் தமிழில் சொல்லலாம். இருக்கும் தெரு, தெலுக் ஆயர். மலாய் மொழியில் தெலுக் என்றால் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்றைக்கு அந்தத் தெருவில் நின்றால் தண்ணீர் எங்கேயும் தெரியாது. வானத்தை மறைக்கிற அலுவலகக் கட்டடங்கள், நடுவே இந்தத் தாழ்ந்த ஓட்டுக் கூரை. பெயரில் மட்டும் எதற்குத் தண்ணீர் என்றுதான் அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

காரணம் சுலபம். 1879-இல் தொடங்கிய கடல் தூர்ப்பு வேலை வரைக்கும் இந்தத் தெருதான் கடற்கரை. கோயில் வாசலுக்கு எதிரே மணல், மணலுக்கு அப்பால் பாய்மரக் கப்பல்கள். ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வரும் சீனக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து இங்கே வந்து சேரும். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. ரெண்டு எதிரெதிர்க் காற்று, இறங்குகிற இடம் ஒன்றே. வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி: உயிரோடு கரை சேர்த்ததற்கு நன்றி சொல்ல ஆளுக்கொரு இடம் கட்டிக்கொண்டார்கள்.

1820-களின் தொடக்கத்திலேயே இங்கே சீன மாலுமிகள் கும்பிடச் சின்னதாக ஒரு கொட்டகைக் கோயில் இருந்தது. அதே தெருவில் 1827 வாக்கில் சூலியா முஸ்லிம்கள், அதாவது நம் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள், ஒரு கூரை வேய்ந்த தொழுகை இடம் போட்டார்கள். அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். இன்றைக்கு அல் அப்ரார் பள்ளிவாசல். 1828-க்கும் 1830-க்கும் இடையில் இன்னும் கொஞ்சம் தள்ளி நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. இந்துக்களுக்குக் கோயில் கட்ட ஆங்கிலேயர்கள் முதலில் ஒதுக்கிய நிலமும் இதே தெருவில்தான். பூஜைக்கு நல்ல தண்ணீர் வசதி இல்லை என்று நாராயண பிள்ளை தரப்பு அதை ஏற்கவில்லை. கடைசியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் மாரியம்மன் கோயில் வந்தது. அந்த ஒரு கிணற்றுப் பிரச்சினை இல்லாவிட்டால் மாரியம்மனும் மாட்ஸுவும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

குச்சுப் பள்ளி என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம். ஓசூர் சுற்றுவட்டாரத்தில் பள்ளியில் முடியும் ஊர்ப் பெயர்கள் ஏராளம், எங்கள் மூக்கண்டப்பள்ளி உட்பட. கர்நாடக எல்லையைத் தாண்டினால் அதுவே ஹள்ளி ஆகிவிடும். பள்ளி என்றால் ஊர், படுக்கை, பாடசாலை, சமண பௌத்தத் துறவிகள் இடம், முஸ்லிம்களின் தொழுகை இடம். நாகப்பட்டினத்து பௌத்த விகாரத்தையும் ஆனைமங்கலச் செப்பேடுகள் பள்ளி என்றுதான் சொல்கின்றன. வந்து தங்குகிற எந்தக் கூட்டத்துக்கும் இடம் கொடுக்கிற சொல்.

மாட்ஸு என்று மேலே எழுதினேன். சரியாகச் சொன்னால் மாசு என்றும் எழுதலாம், ஆனால் தமிழில் அது வேற அர்த்தமாகிவிடும். ஹோக்கியன் பேச்சில் மா சோ போ. போ என்றால் பாட்டி. கடவுளைப் பாட்டி என்று கூப்பிடுகிற பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. நாமும் ஆத்தா, அம்மா, பேச்சி என்றுதானே கூப்பிடுகிறோம்.

இந்தப் பாட்டி பாட்டியாகும் வயது வரை வாழவில்லை. மரபுப்படி ஃபூஜியனின் மெய்ஜோ தீவில் 960-இல் பிறந்தவள், லின் குடும்பத்துப் பெண். பிறந்து ஒரு மாசம் அழவே இல்லையாம், அதனால் 'மௌனப் பெண்' என்று பெயர். அப்பாவும் அண்ணன்களும் கடலில் இருக்கும்போது புயல். வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே மயங்கிவிட்டாள். மயக்கத்திலேயே கடலுக்குப் போய் ஒவ்வொருவராகப் பிடித்து இழுக்கிறாள். மகள் செத்துப்போனாளோ என்று பயந்து அம்மா உலுக்கி எழுப்ப, பிடி நழுவிவிட்டது. ஒருவர் மட்டும் திரும்பவில்லை. 987-இல், இருபத்தெட்டு வயது முடிவதற்குள் அவள் மறைந்தாள். கரையோர மக்கள் கும்பிட ஆரம்பித்தார்கள்.

நாகூர் ஆண்டவரைப் பற்றி நம் பக்கம் சொல்லும் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். சாகுல் ஹமீது ஒலி நாகூரில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை. கையிலிருந்த கண்ணாடியை வீசுகிறார், அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. ஒருத்தி தறி முன்னால், ஒருவர் நாவிதர் முன்னால். ரெண்டு பேரும் கரையில் சாதாரண வேலை நடுவில் இருக்கும்போதே கடலுக்குள் கை நீள்கிறது. கதை ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வரவில்லை. கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்த மொழியிலும் இப்படித்தான் கதை கட்டுவார்கள் என்று நினைக்கிறேன். தெலுக் ஆயர் தெருவில் இந்த ரெண்டு கதையும் சில நிமிட நடையில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் நிற்கின்றன.

இனி கட்டடத்துக்கு வருவோம். இப்போதுள்ள கோயிலின் வேலை 1839-இல் தொடங்கி 1842-இல் முடிந்தது. செலவு சுமார் 30,000 ஸ்பானிய டாலர். முதல் பெரிய கை டான் டோக் செங்குடையது, 3,000 டாலருக்கு மேல் கொடுத்தார். 1798-இல் மலாக்காவில் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து காய்கறி விற்றுப் பணக்காரர் ஆனவர். அங்கே வேலை பார்த்த நம்மாட்கள் அவர் பெயரை ஆஸ்பத்திரிப் பெயராக அறிவார்கள். கருங்கல் தூண், மரம், ஓடு எல்லாம் சீனாவிலிருந்து கப்பலில் வந்தன. ஃபூஜியன் தச்சர்கள் இரும்பு ஆணி அடிக்காமல், மரத்தை மரத்தில் கொளுவிக் கட்டினார்கள். மாட்ஸுவின் திருவுருவம் 1840-இல் சீனாவிலிருந்து வந்தபோது ஊரே கூடி ஊர்வலமாக எடுத்துப் போயிருக்கிறது. அதே 1840-இல் ஹோக்கியன் சங்கமும் அங்கேயே அமைந்தது. பஞ்சாயத்து, கல்யாணப் பதிவு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் கோயில் வளாகமே அலுவலகம். 1850-இல் நட்ட கல்வெட்டு ஒன்றில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. நம்மூர்க் கும்பாபிஷேக மலரின் பின்பக்கங்கள் மாதிரி.

வாசலுக்கு முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கூரையைப் பாருங்கள். முகட்டின் ரெண்டு நுனியும் தகைவிலான் குருவியின் வால் போலப் பிளந்து மேலே வளைந்திருக்கும். நடுவே ஒளிமுத்து, ரெண்டு பக்கமும் அதை நோக்கும் நாகங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த நாகத்தின் செதில் ஒவ்வொன்றும் வண்ணப் பீங்கானின் உடைந்த சில்லு. தெற்குச் சீனத்தின் கைவேலை இது. கிண்ணங்களைத் தேவையான வடிவத்துக்கு வெட்டி, சுண்ணச் சாந்தில் பதிப்பார்கள்.

வாசலில் கல் சிங்கம் ரெண்டு. ஆண் சிங்கத்தின் காலடியில் பந்து, பெண் சிங்கத்தின் காலடியில் குட்டி. கதவில் வாயிற்காவல் தெய்வங்களை ஆளுயரத்துக்குத் தீட்டியிருப்பார்கள், நம் துவாரபாலகர் கணக்கு. நிலைப்படி உயரம். அதை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போகணும். "வாசப்படியை மிதிக்காதே" என்று பாட்டி கத்துவது எனக்கு அங்கே கேட்டது. வலது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியேறுவது முறை: நாக வாசலில் உள்ளே, புலி வாசலில் வெளியே.

உள்ளே போனதும்தான் நம் கோயிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியும். நம் கோயிலில் கோபுரம், மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை என்று போகப் போக இருட்டும். கடைசி இருட்டில் ஒரு விளக்கு, அதில் சாமி முகம். இங்கே அப்படி இல்லை. வாசல் மண்டபம், வெட்டவெளி முற்றம், முதன்மை மண்டபம், மறுபடி முற்றம், பின் மண்டபம் என்று நிழலும் வெளிச்சமும் மாறி மாறி வரும். சீனத்தில் முற்றத்துக்கு 'வானக் கிணறு' என்று பெயர். செட்டிநாட்டு வீட்டு வளவு பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மழை நேராக உள்ளே விழும், ஊதுவத்திப் புகை நேராக மேலே போகும்.

அந்தப் புகைச் சட்டி முன்னால் நான் ஒரு வயசான அம்மாவைப் பார்த்தேன். ஊதுவத்தியைப் பற்றவைத்துக்கொண்டு மாட்ஸுவுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத் திக்கென்றது. சாமிக்கு முதுகு காட்டுவதா! அப்புறம்தான் தெரிந்தது, முதல் வணக்கம் வானத்துக்கு, வானத்தை ஆளும் மாணிக்கப் பேரரசருக்கு. அதை வெளியே பார்த்துத்தான் சொல்லணும். பிறகு திரும்பி உள்ளே இருக்கும் தெய்வத்துக்கு. கடல் இருந்த காலத்தில் அந்த முதல் கும்பிடு வானத்தோடு சேர்த்துக் கடலுக்கும் போயிருக்கும். இந்தக் கோயிலின் அமைப்பே வாசலில் கடல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்தது. மாட்ஸு கப்பல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் எதிரே சாலையும் மாடிக் கட்டடங்களும்.

முதன்மை மண்டபத்தில் நடுவில் மாட்ஸு. பக்கங்களில் குவான் டி, பாவ்ஷெங் டாடி. முன்னவர் மூன்றாம் நூற்றாண்டுத் தளபதி, விசுவாசத்துக்குப் பெயர் போனவர், வியாபாரிகளுக்குப் பிடித்த தெய்வம். பின்னவர் ஃபூஜியனில் வாழ்ந்த வைத்தியர். மூன்று பேருமே ஒரு காலத்தில் ஊரில் நடமாடிய மனுஷர்கள், செத்தபின் தெய்வமானவர்கள். மதுரை வீரனும் காத்தவராயனும் இருக்கிற ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தூண்களில் கருங்கல் நாகம் சுற்றி ஏறும். மேலே உத்தரங்களில் பொன் பூச்சு. மாட்ஸுவுக்கு 1907-இல் சீனப் பேரரசர் குவாங்ஷு எழுத்துப் பட்டயம் ஒன்று அனுப்பினார், தென்கடலில் அலை அடங்கட்டும் என்கிற பொருளில் நாலே எழுத்து. அதன் மூலம் இப்போது சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1906 வாக்கில் நடந்த திருப்பணியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து இரும்புக் கதவுகள் வந்து சேர்ந்தன. ஆணி இல்லாத கோயிலுக்கு இரும்பு வேலி. எனக்கு அது ஒட்டாதது போலத்தான் பட்டது, ஆனால் காலம் அப்படி.

பின் மண்டபத்தில் குவான் யின். இவள் பௌத்தத்தைச் சேர்ந்தவள். அவலோகிதேசுவரர் இந்தியாவிலிருந்து சீனம் போய்ப் பெண் வடிவம் எடுத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நம் வீரசோழியம், பதினோராம் நூற்றாண்டு இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டது இந்த அவலோகிதனிடம் என்கிறது. அதை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர், அதனால் அவருக்கு அப்படிச் சொல்வதில் லாபம் உண்டு. இருந்தாலும் ஒரு மாலுமிக் கோயிலின் பின்கட்டில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் புடவை கட்டி உட்கார்ந்திருப்பது போல ஒரு சந்தோஷம்.

அப்போ இது தாவோ கோயிலா, பௌத்தக் கோயிலா? வளாகத்தில் கன்ஃபூசியஸுக்கும் இடம் உண்டு. கேள்வியே கொஞ்சம் வெளியூர்க் கேள்விதான். நம் ஊர் அம்மன் கோயிலில் போய் "இது சைவமா சாக்தமா நாட்டார் மரபா" என்று பூசாரியைக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனாலும் தாவோ மரபுக்கு இங்கே உரிமை உண்டு. கரையோரப் பெண்ணான மாட்ஸுவை அந்த மரபு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1445-இல் அச்சான தாவோ நூல் தொகுதியில் அவளுக்கென்று ஒரு சாஸ்திரம் இருக்கிறது. அதில் தெய்வமாகிவிட்ட லாவோ ட்ஸுவே அவளுடைய மகிமையைச் சொல்கிறார், அவள் விண்மீன் மண்டலத்திலிருந்து கடலில் தவிப்போரைக் காக்க இறங்கிவந்த கன்னி என்கிறார். ஊர்ப் பிடாரிக்கு ஸ்தல புராணம் எழுதிப் பார்வதி அம்சம் ஆக்குவது மாதிரி. அரசாங்கமும் சும்மா இல்லை. சொங் அரசு 1123-இல் அவள் கோயிலுக்குப் பட்டம் கொடுத்தது, குப்ளாய் கான் 1281-இல் 'வான் தேவி' ஆக்கினார், சிங் அரசு பிற்பாடு 'வான் அரசி' ஆக்கியது. பிரமோஷன் மேல் பிரமோஷன். கப்பல்காரன் மட்டும் கடைசி வரை பாட்டி என்றே கூப்பிட்டான்.

சுத்தமான தாவோ கோயில்தான் வேணும் என்றால் பக்கத்துக் கட்டடத்துக்குள் போகலாம். கெங் டெக் வே என்று 1831-இல் மலாக்காவிலிருந்து வந்த 36 ஹோக்கியன் வியாபாரிகள் சேர்ந்து ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் வைத்தார்கள். ஒருவர் செத்தால் குடும்பத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளணும் என்பது ஏற்பாடு. அவர்கள் கட்டடம் பிற்பாடு தாவோ அமைப்பு ஒன்றின் கைக்கு வந்து, பழுது பார்க்கப்பட்டு, 2015 முதல் மாணிக்கப் பேரரசர் கோயிலாக இருக்கிறது. மறுபக்கம் 1849-இல் தொடங்கி 1852-இல் முடிந்த கல்வி மண்டபம், மூன்றடுக்குக் கோபுரம் போல. சாமி, சங்கம், படிப்பு மூன்றும் ஒரே வரிசையில். எங்கள் பக்கம் சிப்காட் வந்த பிறகு வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதலில் ஆரம்பிப்பதும் பெரும்பாலும் ஒரு பஜனைக் குழு, ஒரு சீட்டு, ஒரு டியூஷன்தான்.

சரி, அந்த மர உருவம்.

அப்படிப்பட்ட உருவங்கள் தியான் ஹோக் கெங்கில் இருப்பது உண்மை. உத்தரங்களைத் தோளால் தாங்குகிற, சீன முகம் இல்லாத ஆட்கள். கோயில் கட்ட உதவிய இந்தியத் தொழிலாளர்களுக்குச் செய்த மரியாதை என்று சிங்கப்பூரிலேயே பலர் சொல்கிறார்கள். ஆக வாட்ஸ்அப் படம் முழுப் பொய் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே உருவம் ஃபூஜியன் கோயில்களில் இருக்கிறது, தைவான் கோயில்களில் இருக்கிறது. கூரை மூலையில், உத்தரத்தின் அடியில், குந்தி உட்கார்ந்து சுமக்கும் வெளிநாட்டான். தைவானில் அவனை டச்சுக்காரன் என்பார்கள். இந்தியத் தொழிலாளி யாரும் போய்ச் சேராத ஊர்க் கோயில்களிலும் அவன் உண்டு. அதற்கு ஹோக்கியன் பேச்சில் ஒரு நிரந்தரப் பெயரே இருக்கிறது. பொருள், 'கூரை மூலையைத் தூக்கும் மக்கு அந்நியன்'.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மிகை, ஆனால் டீக்கடையில் போனை நீட்டியது ஞாபகம் வந்து முகம் சுட்டது. பெருமை என்று நினைத்துப் பகிர்ந்தது, தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிவந்த ஒரு கேலி. அயலானுக்குப் பலம் உண்டு, புத்தி இல்லை, சுமக்கட்டும்.

கோபப்படவும் முடியவில்லை. நாம் என்ன செய்தோம்? சோழர் கோயில்களில் கூரை விளிம்புக்குக் கீழே பூதவரி என்று ஒரு வரிசை ஓடும். குள்ளமாக, தொப்பையோடு, சிரித்துக்கொண்டு பாரம் சுமக்கும் பூதகணங்கள். செட்டிநாட்டு வீட்டு மாடி முகப்பில் துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுதையில் நிற்பார்கள், லட்சுமிக்குக் காவலாக. நம்மை ஆண்டவனையே கூர்க்கா வேலைக்கு நிறுத்திய ஊர் இது. கட்டுகிறவன் தனக்குப் பழக்கமில்லாத முகத்தைப் பாரம் சுமக்கிற இடத்திலோ காவல் இடத்திலோ வைப்பது எல்லா ஊர்த் தச்சுக்கும் பொது.

சிங்கப்பூரில் வேலை செய்த ஃபூஜியன் தச்சர், பழைய அச்சில் செதுக்கும்போது எதிரே தெருவில் நடமாடிய சூலியாக்காரரின் முகத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கலாம். அதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு. அவருக்குத் தினமும் கண்ணில் பட்ட அயலான் நம்மாள்தான். ஆனால் அது மரியாதையாகச் செய்யப்பட்டது என்று சொல்ல அந்தப் பழைய பெயர் இடம் தரவில்லை. 1850 கல்வெட்டு பேசுவதும் பணம் கொடுத்தவர்களைப் பற்றித்தான்.

தமிழர் பங்கு வேணும் என்றால் அதற்கு இந்த மர உருவத்தைத் தேடிப்போக அவசியமே இல்லை. எழுத்திலேயே இருக்கிறது, அதுவும் இதைவிடப் பழையது. மாட்ஸுவின் மாகாணமான ஃபூஜியனில் ச்சுவான்ஜோ என்று ஒரு துறைமுகம். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரை மாசம் என்கிறது, அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி. கடைசியில் சீன எழுத்திலும் ஒரு வரி. குப்ளாய் கான் மாட்ஸுவை 'வான் தேவி' ஆக்கியதும் 1281 என்று மேலே சொன்னேன். ஒரே ஆண்டு, ஒரே அரசர், ஒரே கடற்கரை மாகாணம். ஒருபக்கம் அவர் கடலோடிகளின் பாட்டிக்குப் பட்டம் கொடுக்கிறார், இன்னொரு பக்கம் நம் வியாபாரி அவருக்காகச் சிவனை வேண்டுகிறார்.

அதற்குப் பதினாலு வருஷம் முன்னால், 1267-இல், இக்கரையில் ஒரு செங்கல் கோபுரம் எழுந்ததாகச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார், அதில் சீன எழுத்து பொறித்திருந்தது என்றும் சொல்கிறார். அவர் சொல்லும் இடம் நாகப்பட்டினம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நாகையில் 'சீனக் கோயில்' என்று ஜனங்கள் சொல்லிவந்த பழைய கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. பிறகு 1409 தேதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு, செங் ஹேயின் கப்பல் படை இலங்கைக்குக் கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், ஒவ்வொரு பயணத்துக்கும் மாட்ஸுவை வேண்டிக்கொண்டு கிளம்பியவர். கடலில் போகிறவனுக்கு ஒரு சாமி போதாது போல.

ஒடிசாத் தம்பியிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருக்கமாகச் சொன்னேன். அந்த மர ஆளுக்குப் பேர் இல்லை, இருக்கிற பேரும் நல்ல பேர் இல்லை என்றேன். சிரித்தார். "எங்க ஊர்ல ஜகன்னாதர் கோயில் கட்டினவங்க பேரும் தெரியாதுங்கண்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தப் பெருமாள் என்ற பெயரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு: தெலுக் ஆயர் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கோயில் 1973-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1998 முதல் 2000 வரை பெரிய திருப்பணி நடந்தது, அதற்கு 2001-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாராட்டும் கிடைத்தது. சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போங்க. நாகூர் தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம், அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்து வந்தால் வரிசை சரியாக இருக்கும். கோயில் வாசலில் நின்று ஒரு நிமிஷம் திரும்பி எதிர்ப்பக்கம் பாருங்க, கடல் இருந்தது அங்கேதான். உள்ளே போனதும் மறக்காமல் தலையை நிமிர்த்துங்க. நான் அதைச் செய்யவில்லை.